பட்டைத்தலை வாத்தும் புள்ளம்பாடி வாய்க்காலும்

மாசி மாசம், சம்பா அறுவடை முடிஞ்ச நேரம். சென்னையிலேர்ந்து வந்த அக்கா மகன், "மாமா, கரைவெட்டி ஏரிக்குப் போலாமா?"ன்னான். விடியறதுக்குள்ள ஸ்ரீரங்கத்துலேர்ந்து கிளம்பி, லால்குடி வழியா போனோம்.

பட்டைத்தலை வாத்துகள் இன்னும் வடக்கே கிளம்பல. இமயமலையையே தாண்டி வர்ற பறவை, நம்ம அறுத்த வயல்ல சிந்தின நெல்லைப் பொறுக்குது! பாத்துக்கிட்டே இருக்கலாம்.

2024 ஜனவரியில இந்த ஏரியை ராம்சார் பட்டியல்ல சேத்தாங்க. சந்தோஷம்தான். ஆனா கரையில கேமராவோட நின்னவங்க இதை "இயற்கையான ஏரி"ன்னு சொன்னது எனக்கு ஒப்பல. இது பாசன ஏரிங்க. புள்ளம்பாடி வாய்க்கால்ல காவிரித் தண்ணி வந்தாத்தான் நிரம்பும். வாய்க்காலைத் தூர்வாருங்கன்னு வருஷா வருஷம் கத்துறது விவசாயி. அவன் நெல்லை விட்டுட்டா அப்புறம் யார் கத்துவா?

எங்க மேலயும் தப்பு இருக்கு. பூச்சிமருந்து அடிச்ச காலத்துல என் வயல்ல தவளையே இல்ல, மடையானும் வரல. நிறுத்தின பிறகுதான் திரும்பி வந்துச்சு.

பறவை பாக்க வாங்க. அப்படியே கரையில மாடு மேய்க்கிறவர்கிட்ட, "இந்த வருஷம் கடைமடைக்குத் தண்ணி வந்துச்சாண்ணே?"ன்னு கேளுங்க. அரை மணி நேரத்துக்குக் குறையாம பேசுவார்.