குமிழில் அறுபது, குழாயில் எவ்வளவு?

மழை பிடித்துவிட்டால் நமக்குச் சீசன். ஐப்பசி நடுவிலிருந்து தை பிறக்கும்வரை கீசர் அழைப்புகள் ஓய்வதில்லை. அடிக்கடி வரும் புகார் ஒன்றுதான்: “தண்ணி சூடே பத்தலைங்க.” நாமும் அடிமூடியைக் கழற்றுகிறோம். தெர்மோஸ்டாட் குமிழை ஸ்க்ரூடிரைவரால் கடைசிவரை திருப்புகிறோம். மூடிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்புகிறோம். வீட்டுக்காரருக்கும் திருப்தி.

குமிழை அப்படிக் கால் சுற்று திருப்புவதைப் பற்றித்தான் இந்த இதழில் பேச வேண்டும். சில மாடல்களில் குமிழின் கடைசி எல்லை 75 டிகிரி. வெந்நீர் தோலை எவ்வளவு நேரத்தில் புண்ணாக்கும் என்பதை 1947-லேயே மோரிட்ஸ், ஹென்ரிக்கஸ் என்ற இரண்டு ஹார்வர்டு ஆய்வாளர்கள் அளந்து வெளியிட்டுவிட்டார்கள். 49 டிகிரி நீரில் வளர்ந்த ஒருவரின் தோல் ஆழமாக வேக ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். 55-ல் ஏறத்தாழ அரை நிமிடம். 60-ல் ஐந்து விநாடி. 65-ஐத் தாண்டினால் ஒன்றிரண்டு விநாடிதான். குழந்தையின் தோல் மெல்லியது, அதற்கு இந்த அவகாசமும் கிடையாது. 49-க்கும் 60-க்கும் நடுவே இருப்பது 11 டிகிரி. கையை இழுத்துக்கொள்ளக் கிடைக்கும் நேரமோ நிமிடக் கணக்கிலிருந்து விநாடிக் கணக்குக்கு இறங்கிவிடுகிறது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 1983-ல் புதிய வீட்டு ஹீட்டர்களை 49 டிகிரியில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. குழாய் வெந்நீரில் வெந்து மருத்துவமனைக்கு வரும் குழந்தைகள் அங்கே குறைந்தார்கள். அங்குள்ள ஆபத்து குளியல் தொட்டியிலும் ஷவரிலும். நம் வீடுகளில் அது பெரும்பாலும் பக்கெட்டில் இருக்கிறது. முதலில் வெந்நீரைத் திறந்துவிட்டு, அது நிறைந்த பிறகு பச்சைத் தண்ணீர் விட்டு விளாவுவதுதான் நம் பழக்கம். அந்த இரண்டு நிமிட இடைவெளியில் தரையில் நிற்பது 60, 65 டிகிரி நீர் நிறைந்த, விளிம்பு குழந்தையின் இடுப்பளவே உயரமுள்ள ஒரு பாத்திரம். பச்சைத் தண்ணீரை முதலில் பிடிக்கச் சொல்லுங்கள். செலவில்லாத இந்த ஒரு வாக்கியத்தை வேலை முடிந்து பணம் வாங்கும்போதுகூட நாம் சொல்வதில்லை.

இன்னொருவரையும் மறந்துவிடுகிறோம். நெடுநாள் சர்க்கரை நோயாளிக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும். அவர் காலில் ஊற்றிக்கொள்ளும் வெந்நீர் சுடுவது அவருக்கே தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அந்தப் புண் ஆறுவது எவ்வளவு கடினம் என்பதை நம் ஊர்க் குடும்பங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் எல்லா வீட்டிலும் 50-ல் வைத்துவிட்டு வந்துவிடலாமா என்றால், அதுவும் சரியில்லை. முதல் தடை தண்ணீர்க் கணக்கு. குழாய் நீர் 27 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 60-ல் இருக்கும் 25 லிட்டர், விளாவிய பின் 40 டிகிரியில் 63 லிட்டர் குளியல் நீராகும். 50-ல் இருந்தால் 44 லிட்டர்தான். மூன்று பக்கெட் இரண்டாகச் சுருங்கும். ஆகவே 15 லிட்டர் கீசரை நான்கு பேர் உள்ள வீட்டில் விற்றுவிட்டு, அந்தக் குறையைக் குமிழில் ஈடுகட்டுவது விற்பனையின் தவறு. அதைத் தெர்மோஸ்டாட்டின் தலையில் கட்டுகிறோம்.

இரண்டாவது தடை லெஜியோனெல்லா. 1976-ல் பிலடெல்பியா ஓட்டலில் கூடிய முன்னாள் படைவீரர்களைத் தாக்கிய நிமோனியாவால் பெயர் பெற்ற கிருமி இது. 20-லிருந்து 45 டிகிரி வரை உள்ள நீரில் பெருகும், ஷவர்த் திவலையோடு நுரையீரலுக்குப் போகும். 60 டிகிரியில் இரண்டே நிமிடத்தில் பத்தில் ஒன்பது பங்கு செத்துவிடும். 50-ல் அதே வேலைக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து விதிகள் தொட்டியில் 60, குளியலறைக் குழாயில் 50-க்கு மேல் கூடாது என்று இரண்டையும் பிரித்துவைத்திருப்பது இதனால்தான். நடுவே வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் தானே கலந்துவிடும் தெர்மோஸ்டாடிக் மிக்ஸிங் வால்வ் நிற்கும்.

நம் ஊரில் அந்த வால்வுக்கு ஒரு சிக்கல் உண்டு. மேல்நிலைத் தொட்டி குளியலறைக்கு மூன்று மீட்டர் மேலே இருந்தால் கிடைக்கும் அழுத்தம் 0.3 பார்தான். எல்லா வால்வும் அதில் வேலை செய்யாது. வாங்குமுன் குறிப்புத்தாளில் குறைந்தபட்ச அழுத்தத்தைப் பாருங்கள்.

இந்த இதழின் கருத்து இது. வால்வ் இல்லாத வீட்டில் சிறு குழந்தையோ, முதியவரோ, கால் மரத்துப்போனவரோ இருந்தால் குழாயில் 50. அன்றன்று சுட்டு அன்றன்றே தீர்ந்துவிடும் சிறு கீசருக்கு அது போதும். நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர் இருந்தால் தொட்டியை 60-லிருந்து இறக்காமல் வால்வ் போடுங்கள். ஓட்டல், மருத்துவமனை, முதியோர் இல்லத்தில் குமிழைக் குறைத்துவிட்டு வராதீர்கள். விருந்தினர் அறையில் மாதக்கணக்கில் சும்மா கிடந்த கீசரை முதலில் 60-க்கு மேல் சுடவைத்து, அறையில் யாரும் நிற்காமல் திறந்துவிட்டுக் காலி செய்யுங்கள். குழாயில் சூரிய வெந்நீர் வருகிற வீடுகளில் திருப்பக் குமிழே கிடையாது. வெயில் காலத்தில் அந்தத் தொட்டி எந்தச் சூட்டில் இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. அங்கே வால்வ் கட்டாயம்.

இனி அந்தப் புகாருக்கே வருவோம். சூடு பத்தாததற்குக் குமிழ் காரணமாக இருப்பது அபூர்வம். போர்த் தண்ணீர் உப்பு எலிமென்ட்டில் ஓடுபோல் பிடித்திருந்தால் சூடேற நேரமாகும், வீட்டுக்காரர் அதற்குள் ஸ்விட்சை அணைத்துவிடுவார். மின்னழுத்தம் 180 வோல்ட்டுக்கு இறங்கினால் 2 கிலோவாட் எலிமென்ட் 1.2 கிலோவாட்தான் தரும். மிக்ஸருக்குள் பச்சைத் தண்ணீர் கசிந்து கலக்கலாம். இவற்றில் எதையும் பார்க்காமல் குமிழைத் திருப்புவது, காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை மாற்றுவது போல.

அதைவிடக் கொடியது, சூடு மிஞ்சினால் கரண்டைத் துண்டிக்கும் கட்-அவுட் அடிக்கடி விழுகிறது என்று அதைத் தாண்டி ‘டைரக்ட்’ கொடுத்துவிட்டு வருவது. தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்ட ஒருநாள் அந்தத் தொட்டி கொதிக்கும். 25 லிட்டர் நீர் 27-லிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போதே கால் லிட்டருக்கு மேல் விரிகிறது. சேஃப்டி வால்வ் சொட்டுவது அந்த விரிவுதான். சொட்டுகிறதே என்று அதில் பிளக் அடிப்பவரும் நம்மில் உண்டு. இந்த இரண்டையும் செய்பவர் நம் தொழிலில் இருக்கக்கூடாது என்பதைத் தவிர இதில் வாதிட ஒன்றுமில்லை.

நம் பையைத் திறந்தால் டெஸ்டர், ஸ்பேனர், மல்டிமீட்டர், டெஃப்லான் டேப் எல்லாம் இருக்கும். வெப்பமானி இருக்காது. குமிழில் உள்ள எண் தொழிற்சாலையின் உத்தேசம். தெர்மோஸ்டாட் குழலின் மேல் உப்பு படிந்தால் அது சூட்டைத் தாமதமாக உணரும், தண்ணீர் அந்த எண்ணைத் தாண்டிப்போய்விடும். சமையலறைக்கு விற்கும் டிஜிட்டல் வெப்பமானி போதும். கீசர் விளக்கு அணையும்வரை காத்திருங்கள். வெந்நீர்க் குழாயை மட்டும் திறந்து, முழுச் சூடு வந்தபின் ஒரு டம்ளரில் பிடித்து அளங்கள். கூடுதலாக இருந்தால் கரண்டை அணைத்துவிட்டுக் குமிழைக் குறையுங்கள், பாதித் தண்ணீரை வெளியேற்றி மறுபடி சுடவையுங்கள், மறுபடி அளங்கள். அரை மணி நேரம் கூடுதலாகும், அதற்கும் கூலி கேளுங்கள். அளந்த டிகிரியையும் தேதியையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதிக் கீசரின் மேலேயே ஒட்டுங்கள். அடுத்த மழைக்கு வருபவர் உங்கள் கையெழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் மூடியைக் கழற்றுவார்.