பேசத் தெரியாத பேட்கேர்ள்

"உயர்தரம் படிக்கிற பிள்ளை பொம்மைப் புத்தகம் பார்க்கிறாளே!" என்று உம்மா அலுத்துக்கொள்வது எங்கள் வீட்டில் புதிதல்ல. நானா மருதானைப் பழைய புத்தகக் கடைகளில் வாங்கிச் சேர்த்த கொமிக்ஸ்கள் இப்போது அலுமாரிக்கு மேலே. பரீட்சை முடியும்வரை கீழே இறங்கா. அந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொண்டேன். "வெறும் அடிதடிதானே" என்ற காரணத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அடிதடி இருக்கிறது, மறுக்கவில்லை. 1973இல் வந்த ஷாங் சீயிலிருந்தே தற்காப்புக் கலை வீரர்கள் கொமிக்ஸில் நிறைந்துவிட்டார்கள். போல் குலேசி வரைந்த ஷாங் சீயைப் பார்த்தால் புரூஸ் லீ நினைவுக்கு வருவார். ஆனால் நான் சொல்ல வந்தது கஸாண்ட்ரா கேய்ன் என்ற பெண்ணைப் பற்றி.

1999இல் பேட்மன் 567ஆவது இதழில் அறிமுகமானவள். எழுதியவர் கெலி பக்கெட், வரைந்தவர் டேமியன் ஸ்கொட். அவளுடைய தந்தை ஒரு கூலிக் கொலைகாரன். மகளுக்கு ஒரு சொல்கூடக் கற்றுக்கொடுக்காமல் வளர்க்கிறான். பேச்சுக்குப் போகும் மூளை சண்டைக்குப் போகட்டும் என்பது அவன் கணக்கு. அதனால் மனித உடம்புதான் அவள் அறிந்த ஒரே மொழி. எதிரி கை ஓங்குமுன்பே, அவன் தோள் அசைவதைக் கொண்டு அடி எங்கே விழும் என்று அறிந்துவிடுவாள். எட்டு வயதில் தந்தை சொற்படி ஒருவனைக் கொல்கிறாள். சாகிறவனின் உடம்பில் அவள் வாசித்ததைத் தாங்க முடியவில்லை. தந்தையை விட்டு ஓடிப்போகிறாள்.

பேசத் தெரியாதவளுக்குப் பேச்சுக்குமிழி எதற்கு? எல்லாவற்றையும் ஓவியர்தான் சொல்லியாக வேண்டும். போதாததற்கு, பேட்கேர்ளாக அவள் அணியும் முகமூடி முகம் முழுவதையும் மூடுகிறது. வாயிருக்கும் இடத்தில் தையல் மட்டுமே. ஆனாலும் 2000இல் தொடங்கிய தொடரில் அவளுடைய பயமும் கோபமும் வெட்கமும் கழுத்திலும் விரல்களிலும் தெரிகின்றன. முகத்தை மூடினால் மனம் தெரியாது என்பவர்களுக்கு அந்தப் பக்கங்களைக் காட்ட ஆசை.

நான்காவது இதழில் பிறர் மனதுக்குள் நுழையக்கூடிய ஒருவன் அவளுக்கு மொழியைத் தந்துவிடுகிறான். அத்தோடு உடம்பை வாசிக்கும் திறன் போய்விடுகிறது. அதை மீட்க லேடி ஷிவா என்ற மாவீராங்கனையிடம் போகிறாள். அவள் கேட்கும் விலை, ஒரு வருடத்தின் பின் இருவரும் சாகும்வரை மோதுவது. அந்த இதழை எத்தனை தரம் வாசித்தேனோ தெரியாது.

உம்மா வெறுக்கும் பக்கங்கள் சிலவற்றை நானும் வெறுக்கிறேன். ஆண் காலை ஊன்றி நின்று சண்டைபோட, பெண்ணை மட்டும் புகைப்படத்துக்கு நிற்பவள்போல் இடுப்பை வளைத்து வரைவார்கள். அப்படி நின்று எவரையும் குத்தவே முடியாது! அது ஒழுக்கக் குறைவு மட்டுமல்ல, மோசமான ஓவியமும்கூட.

பக்கவாதம் வந்ததிலிருந்து எங்கள் உம்மம்மாவுக்குப் பேச்சு இல்லை. தண்ணீர் கேட்கும்போது வலக்கை விரல்கள் போர்வையைச் சுரண்டும். வலியென்றால் தோள் மட்டும் மெல்ல உயரும். கஸாண்ட்ராவைப் பார்த்த கண்ணால்தான் அதைக் கண்டுபிடித்தேன் என்று பெருமையோடு உம்மாவிடம் சொன்னேன். உம்மா சிரித்தார். கண் இமை இரண்டு தரம் மூடினால் ஜன்னலைத் திறக்கச் சொல்வது, அதை இன்னும் நீ கவனிக்கவில்லையா என்று கேட்டார்.