பெயரறிந்து படம் எடுப்போம்

கோலாலம்பூர் கோபுரத்தைப் படம் எடுக்காத மாணவர் நம்மில் அரிது. 421 மீட்டர் உயரத்தையும் கைப்பேசிக்குள் அடக்கிவிடப் பலர் தரையில் படுத்தே விடுகின்றனர். ஆனால், அதே கோபுரத்தின் அடிவாரத்தில் நிற்கும் ஜெலுத்தோங் மரத்தைப் படம் எடுத்தவர் எத்தனை பேர்?

அம்மரத்தின் வயது நூறைத் தாண்டும். 1991இல் கோபுரப் பணி தொடங்கியபோது அதை வெட்டியிருந்தால் வேலை எளிதாகியிருக்கும். அப்படிச் செய்யாமல், சுமார் 4 லட்சத்து 30 ஆயிரம் ரிங்கிட் செலவில் தடுப்புச் சுவர் எழுப்பி மரத்தைக் காத்தனர். 1996இல் கோபுரம் திறக்கப்பட்டபோது மரமும் உடன் நின்றது.

ஜெலுத்தோங் நமக்கு அந்நிய மரம் அன்று. நாம் அறிந்த அரளியும் ஏழிலைப்பாலையும் அதன் குடும்பத்தைச் சேர்ந்தவையே. நம் பாட்டன் பாட்டியர் கித்தா மரத்தில் பால் எடுத்ததுபோல் இம்மரத்திலிருந்தும் பால் எடுக்கப்பட்டது. அந்தப் பால் சூயிங்கம் செய்யப் பயன்பட்டது.

கெப்போங் வன ஆய்வுக் கழகத்தையும் பாருங்கள். ஈயம் தோண்டிப் பாழாய்ப் போன நிலத்தில் நட்டு வளர்த்த காடு அது. 2025இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அங்குள்ள கப்பூர் மரங்களின் உச்சிகள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட்டு நிற்கும் காட்சியைப் பலர் படமாக்குகின்றனர். அந்தக் கப்பூர்தான் கற்பூரம் தரும் மரம் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? கற்பூரத்திற்குப் பெயர்பெற்ற சுமத்ராவின் பாருஸ் துறைமுகத்தில் தமிழ் வணிகர் 1088இல் தமிழிலேயே கல்வெட்டுப் பொறித்தனர்.

தமிழ்ப்பள்ளியில் ஆல், அரசு, வேம்பு என்று படித்தோம். தேசியப் பள்ளியில் ஜெலுத்தோங், கப்பூர், மெராந்தி என்று மலாயில் படித்தோம். இவ்விரு பட்டியல்களும் நம்முள் ஒன்று சேராமலேயே கிடக்கின்றன. பெயர் தெரியாத மரம் படத்தில் வெறும் பச்சைப் பின்னணிதான்.

"படம் எடுத்தால் மரம் பிழைத்துவிடுமா?" என்று கேட்கலாம். பிழைக்காதுதான். இங்கிலாந்தில் எண்ணற்ற படங்களில் இடம்பெற்ற சிக்கமோர் மரம் ஒன்றை 2023இல் ஓர் இரவில் வெட்டிச் சாய்த்தனர். சென்னை அடையாற்று ஆலமரத்தின் தாய்த்தண்டு 1989இல் புயலில் சாய்ந்தது. ஆயினும் அம்மரங்கள் எப்படி இருந்தன என்று காட்டப் படங்கள் உண்டு. நம் தோட்டப்புறக் கோயில்கள் பல, மரத்தடியில் தொடங்கியவை. தோட்டம் துண்டாடப்பட்டுக் கோயில் இடம் மாறியபின், அந்த மரம் நின்றதற்கு நம்மிடம் என்ன சான்று இருக்கிறது?

எனவே ஒரு வேண்டுகோள். பிரிக்பீல்ட்ஸ் சாலையோரமோ, கிள்ளான் கோயில் வாசலோ, நம் வளாகமோ, ஆளுக்கொரு முதிய மரத்தைத் தேர்ந்துகொள்வோம். அளவு புரிய அடியில் ஒருவரை நிறுத்தி முழு மரத்தையும் எடுப்போம். இலை, பட்டை, பூ ஆகியவற்றைத் தனித்தனியே எடுப்போம். தமிழிலும் மலாயிலும் பெயர், இடம், நாள் குறிப்போம். அடுத்த ஆண்டு அதே இடத்தில் நின்று மீண்டும் எடுப்போம். அப்படங்களுக்கு இவ்வாண்டு மலரில் இரண்டு பக்கம் ஒதுக்கினால் போதும். பத்தாண்டில் அது ஓர் ஆவணமாகிவிடும்.

கோபுரத்தைப் படம் எடுக்க உலகமே வருகிறது. நம் தெரு மரத்தைப் படம் எடுக்க நாம்தான் செல்ல வேண்டும்.