டிகிரி முடித்தாயா தம்பி?

சமீபத்தில் ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்குப் போய் மாட்டிக்கொண்டேன். சிறப்பு விருந்தினர் ஓய்வுபெற்ற உயரதிகாரி. மைக்கைப் பிடித்ததும் செஸ் சாம்பியன் குகேஷைப் பற்றி உருகி உருகிப் பேசினார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஆனா பிள்ளைங்களா, அவர் சாதனையை மட்டும் எடுத்துக்கங்க, படிப்பை விட்டதை எடுத்துக்காதீங்க. நாளைக்கு அவரும் ஒரு டிகிரி முடிச்சாத்தான் உங்களுக்கு முழுமையான முன்மாதிரி" என்றார். பெற்றோர் பக்கமிருந்து பலத்த கைதட்டல். எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா, "கேட்டுக்கிட்டியா?" என்று மகன் தொடையில் ஒரு கிள்ளு வேறு வைத்தார்.

முழுமையான முன்மாதிரியாம்! பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனவர் அரைகுறை. அரியரை எல்லாம் க்ளியர் பண்ணிவிட்டு, வாடகைக்கு எடுத்த கறுப்பு அங்கியில் போட்டோ எடுத்துக்கொண்டவர் முழுமை.

குகேஷ் நான்காம் வகுப்போடு முழுநேரப் பள்ளியை நிறுத்தியவர். இதை ஏதோ அடங்காத பிள்ளை ஸ்கூலுக்கு மட்டம் போட்ட கதை மாதிரி பேசுகிறார்கள். அப்பா காது மூக்கு தொண்டை மருத்துவர். அம்மா நுண்ணுயிரியல் படித்தவர். அந்த வீட்டிலிருந்த இரண்டு பெரிய பட்டங்களும் சேர்ந்துதான் பையன் பள்ளிக்குப் போக வேண்டாம் என்று முடிவெடுத்தன. மகனோடு போட்டி போட்டியாக அலைவதற்காக அப்பா தன் தொழிலையே நிறுத்திவைத்தார். குடும்பம் அம்மாவின் சம்பளத்தில் ஓடியது. படிப்பின் அருமை தெரியாத வீடா இது?

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியன்ஷிப்பின் கடைசி ஆட்டம், இருவரும் சம புள்ளி. குகேஷுக்கு எதிரே டிங் லிரன், சீனாவின் பீக்கிங் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துப் பட்டம் வாங்கியவர். (டிங்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, அருமையான ஆட்டக்காரர்.) டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஆட்டத்தில், 55-ஆவது நகர்த்தலில், சட்டப் பட்டதாரி யானையைக் கொண்டுபோய்த் தப்பான கட்டத்தில் வைத்தார். நாலாங்கிளாஸ் அதைக் கண்டுபிடித்துவிட்டது. அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது. ஜெயித்தவர் மேசையிலேயே அழுதார். அழுதுகொண்டே கலைந்து கிடந்த காய்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பலகையில் பழையபடி அடுக்கினார். பிறகு பத்திரிகையாளர்கள் முன்னால் உட்கார்ந்து, தோற்றவரை உண்மையான சாம்பியன் என்று புகழ்ந்தார். இந்தப் பண்பு எந்த செமஸ்டரில் வருகிறது? எத்தனை கிரெடிட்?

உடனே ஒருவர் எழுந்து, "ஆனந்த் லயோலாவில் பி.காம். படிக்கவில்லையா?" என்பார். படித்தார். அதனால் என்ன? ஐந்து முறை அவர் உலக சாம்பியன் ஆனதற்கு ஐந்தொகை போடத் தெரிந்ததா காரணம்? அடுத்தவர் அஸ்வினைத் தூக்கிக்கொண்டு வருவார். எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரியில் பி.டெக். முடித்தவர், டெஸ்டில் 537 விக்கெட் எடுத்தவர். சரிதான். ஆனால் உலக பேட்ஸ்மேன்களை எல்லாம் அவர் திணறடித்த கேரம் பால் எந்த லேபில் கற்றது? சென்னைத் தெருக்களில் டென்னிஸ் பந்தில் பையன்கள் போடும் 'சொடுக்கு பால்' அது. அந்தப் பையன்கள் எத்தனை பேருக்கு டிகிரி இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கல்லூரிகள் விளையாட்டு வீரருக்குக் கொடுக்கும் கல்வியின் லட்சணமும் தெரிந்ததுதானே. எனக்குத் தெரிந்த ஒரு கபடிப் பையன் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் பி.ஏ. சேர்ந்தான். வருடம் முழுக்க டோர்னமென்ட், வருடம் முழுக்க ஓ.டி. பரீட்சைக்கு முந்தின வாரம் ஜெராக்ஸ் கடையில் யாரோ ஒரு பெண்ணின் நோட்ஸை நகல் எடுத்துக்கொண்டு மனப்பாடம். கடைசி வருடம் வரைக்கும் துறைத்தலைவர் யாரென்று அவனுக்குத் தெரியாது, அவருக்கும் இவனைத் தெரியாது. கோப்பை வாங்கி வந்த அன்று முதல் ஆளாக வந்து அவன் தோளில் கைபோட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டவர் அந்தத் துறைத்தலைவர்தான். அட்மிஷன் சமயத்தில் கல்லூரி வாசல் ஃபிளெக்ஸில் அவன் படம் இரண்டாள் உயரத்துக்கு நின்றது. கல்லூரியால் அவன் உயர்ந்தானாம்!

முன்மாதிரி என்றால் பிள்ளைகள் எதைப் பார்த்துக் கெட்டுப்போவார்கள் என்றும் யோசிக்க வேண்டாமா? ஏலக்காய் என்ற பெயரில் பான் மசாலா கம்பெனிக்குப் பல்லைக் காட்டிய முன்னாள் கிரிக்கெட் வீரர்களில் பட்டதாரியும் உண்டு. சச்சின் டெண்டுல்கர் பேராசிரியரின் மகன், ஆனாலும் கல்லூரிப் பட்டம் வாங்கியதில்லை. பதினாறு வயதில் கராச்சியில் டெஸ்ட் ஆட இறங்கிவிட்டார். புகையிலை, மது விளம்பரத்தில் நடிப்பதில்லை என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்ததாகச் சொன்னவரும் அவர்தான். இந்த இருவரில் யார் படத்தைப் பிள்ளை அறையில் ஒட்டலாம் என்று நீங்களே சொல்லுங்கள்.

சரி, விளையாடுகிறவன் படிக்கவில்லை என்று இவ்வளவு கவலைப்படுகிறோமே, படிக்கிறவன் விளையாடவில்லை என்று யாராவது கவலைப்பட்டதுண்டா? பி.டி. பீரியட் என்று டைம்டேபிளில் இருக்கும். அந்த நேரத்துக்குக் கணக்கு வாத்தியார் சாக்பீஸோடு உள்ளே வருவார், "போர்ஷன் முடியல" என்பார். ஒன்பதாம் வகுப்போடு பல பள்ளிகளில் பந்து பீரோவுக்குள் போய்விடுகிறது. மைதானத்தில் பள்ளி பஸ்கள் நிற்கின்றன. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் வாரத்தில் ஒரே ஒரு பி.டி. பீரியட், அதையும் கணக்கு வாத்தியார் கை வைக்காமல், முதலில் திருப்பிக் கொடுங்கள். குகேஷின் டிகிரியைப் பற்றி அப்புறம் பேசலாம்.