வசைச் சொல்லும் நம் கவிஞர்களும்

நம் கவிதைகளில் வடசென்னைக்காரன் வாய் திறந்தால் வசைதான் வருகிறது. கேட்டால் யதார்த்தம் என்கிறார்கள். நான் ராயபுரத்தில் பிறந்து திருவொற்றியூரில் வங்கிக் குமாஸ்தாவாக இருப்பவன். இது யதார்த்தமில்லை, பாவனை.

ஒழுக்கவாதிகளின் புலம்பலும் எனக்கு உடன்பாடில்லை. அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்லச் சொன்ன தொல்காப்பியத்தைக் காட்டிக் கவிஞனின் வாயைக் கட்ட முடியாது. அழுக்கு சொல்லில் இல்லை. காசிமேட்டின் ‘கஸ்மாலம்’, கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் அர்ஜுனனிடம் சொல்லும் ‘கச்மலம்’தான். ‘பேமானி’ பாரசீகத்திலிருந்து வந்தது. விசுவாசமற்றவன் என்று பொருள்.

கடலில் செத்துப்போன கணவனின் கணக்கை முடிக்க ஒரு பெண் என் கவுண்டருக்கு வந்தாள். கைநாட்டு வைத்துவிட்டு, பாஸ்புத்தகத்திலிருந்த போட்டோவைப் பார்த்து, “பேமானி, சொல்லாம பூட்டியே” என்றாள். அந்தச் சொல்லின் அர்த்தம் அன்றுதான் எனக்கு உறைத்தது.

அதே சொல்லை என் கவிதையொன்றில் ஒரு துறைமுகக் கூலியின் வாயில் போட்டிருந்தேன். யாரிடம், எதற்காகச் சொல்கிறான் என்று எனக்கே தெரியாது. வீட்டுக்குப் போய் அடித்துவிட்டுப் படித்தேன். கவிதையில் எதுவும் குறையவில்லை. வெட்கமாக இருந்தது.

ஜி. நாகராஜனின் ‘நாளை மற்றுமொரு நாளே’ (1974) நாவலில் எந்த வார்த்தையைவிடவும் கந்தன் என்ற மனிதன்தான் நம்மைத் தொந்தரவு செய்கிறான். நம் கவிதைகளில் அந்த மனிதன் இல்லை.

எதுகைக்காகச் சொல் தேடியவர்களைக் கேலி செய்துவிட்டுப் புதுக்கவிதைக்கு வந்தோம். இப்போது அதிர்ச்சிக்காகத் தேடுகிறோம். வித்தியாசம் என்ன?