மூழ்கிப்போன ரெட்டை வடம்

அக்கா மகன் வீட்டுக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். இருபது வருஷத் தவணை. சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "உங்க தாத்தா பத்துப் பைசா கடன் இல்லாம வீடு கட்டுனாருடா" என்றார். அடுப்படியிலிருந்து அம்மா குரல் வந்தது: "அப்ப என் ரெட்டை வடம் எங்க போச்சாம்?"

இந்தப் பெருமையை ஊரெல்லாம் கேட்கிறேன். பாதிதான் உண்மை. அப்பா திண்டுக்கல் பக்கம் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். முதலில் நாங்கள் இருந்தது ஒத்தி வீடு. மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டால் வாடகை கிடையாது. காலி செய்யும்போது அந்தப் பணம் திரும்பி வரும். அந்தப் பணத்தோடு ஏலச்சீட்டையும் தள்ளி எடுத்து ஐந்து சென்ட் மனை வாங்கினார். கடைக்கால் போட்டது 1976-இல். நிலைவாசல் வைக்க இன்னொரு வருஷம். அப்போது சிமெண்டுக்குக் கட்டுப்பாடு இருந்தது; பர்மிட்டுக்கு அப்பா தாலுகா ஆபீஸுக்கு நடையாய் நடந்தார். சுவருக்கு மேல் ஓடுதான். பூசாத செங்கலைப் பார்த்தே நான் பத்தாம் வகுப்பு வரை படித்தேன்.

வங்கியில் கேட்டிருக்கலாமே என்று இன்றைய பிள்ளைகள் கேட்கிறார்கள். வீட்டுக் கடனையே தொழிலாகக் கொண்ட எச்.டி.எஃப்.சி. தொடங்கியதே 1977-இல்தான். எங்கள் ஊருக்கு அந்தப் பழக்கம் வந்து சேர இன்னும் பல வருஷம் ஆயிற்று. எங்களுக்குத் தெரிந்த வங்கி அம்மாவின் கழுத்துதான். ஓடு வாங்க ரெட்டை வடம், மரத்துக்கு வளையல். அடகுக் கடையில் நூற்றுக்கு இரண்டு வட்டி. மாதக் கணக்கு அது. வருஷத்துக்கு இருபத்து நான்கு. வளையல் மீண்டு வந்தது. சங்கிலி மூழ்கிப்போனது.

ஆக, கடன் இருந்தது. தாளில் எழுதாத கடன் என்பதால் யாருக்கும் நினைவில்லை, அவ்வளவுதான். பால் காய்ச்சிய அன்று அம்மா கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். பத்திரம் அப்பா பெயரில். அப்பா நல்லவர்; ஆனால் அம்மா பெயரையும் சேர்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. சார்பதிவாளரும் கேட்கவில்லை.

தவணைக் கடன் தர்மம் என்று நான் சொல்ல வரவில்லை. ஐ.டி. வேலையில் இருப்பவன் இருபது வருஷத்துக்குத் தலையைக் கொடுப்பதைப் பார்த்தால் எனக்கும் பயம்தான். ஆனால் பத்திரத்தில் பெயர் உள்ளவர்கள் எல்லாரும் கடனிலும் கையெழுத்துப் போட வேண்டும் என்று வங்கி கேட்கிறது. மனைவி சம்பளத்தையும் காட்டினால் தொகை கூடுகிறது என்பதால் புருஷன்மாரும் அவள் பெயரைச் சேர்க்கிறார்கள். கரிசனம் ஒன்றுமில்லை, கணக்குதான். அந்தக் கணக்கு செய்ததை எங்கள் குடும்பத்துப் பாசம் செய்யவில்லை. 2025 ஏப்ரல் முதல், பத்து லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைத்திருக்கிறது தமிழக அரசு. இன்றைய மனை விலையில் பத்து லட்சம் எந்த மூலைக்கு? வரம்பை உயர்த்த வேண்டும்.

சித்தப்பா போன பிறகு அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பேரனிடம் கேட்டார்: "பத்திரம் யாரு பேர்லய்யா?"

"ரெண்டு பேர் பேர்லயும்தான், அம்மாச்சி."

"எங்க, அவ பேரு இருக்குற எடத்தை வாசி."