சராசரிக்குத் தேதி தெரியாது

போன வாரம் மகள் வயிற்றுப் பேரன் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட உட்கார்ந்தான். "அப்பச்சி, நடுவுல காலேஜ் மாறுனதுக்குக் காரணம் சொன்னா ஏதாச்சும் பலன் இருக்குதுங்களா?" என்றான். "இல்லை சாமி" என்றேன். சொல்லவே வாய் கூசியது.

முதல் வருடம் கோயம்புத்தூரில் படித்தான். அப்போது அவன் அப்பா தேங்காய்க் களத்தில் விழுந்து கால் முறிந்தது. வாரத்தில் பாதி நாள் களத்தை இவன்தான் பார்த்தான். மார்க் 41, 44. அடுத்த வருடம் ஊருக்குப் பக்கத்துக் கல்லூரிக்கு மாறினான். அப்புறம் 62, 65, 67, 69. ஆறு செமஸ்டருக்கும் சராசரி 58.

இதையே திருப்பிப் போடுங்கள். 69-ல் தொடங்கி 41-ல் முடித்தவனுக்கும் 58தான். ஒருவன் ஏறுகிறான், ஒருவன் இறங்குகிறான். தமிழ்நாட்டு அரசுச் சட்டக் கல்லூரிகளில் மூன்றாண்டு எல்.எல்.பி.க்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பட்டப்படிப்பு மார்க்கை வைத்தே தரவரிசை. அதில் இருவரும் ஒன்றுதான்.

நான் முப்பது வருடம் கோர்ட்டில் குமாஸ்தா. தேதி பார்க்காமல் எந்தக் கட்டையும் பிரித்ததில்லை. எது முன்னால், எது பின்னால் என்பதில்தான் பாதி வழக்கே இருக்கிறது. அதைக் கற்றுத்தரும் கல்லூரி, வாசலில் மட்டும் தேதியைப் பார்க்காதாம்!

"மார்க்தான் பாரபட்சமில்லாதது, நேர்காணல் வைத்தால் சிபாரிசு நுழையும்" என்பார்கள். நியாயம். நேர்காணலை நானும் கேட்கவில்லை. கடைசி வருட மார்க்குக்குக் கூடுதல் மதிப்பு என்று முன்கூட்டியே அச்சடித்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் எல்லோருக்கும் ஒரே எழுத்துத் தேர்வு வையுங்கள். இதில் சிபாரிசு எங்கே நுழையும்?

நம் மாநிலச் சட்டப் பல்கலைக்கழகம் அம்பேத்கர் பெயரில் இருக்கிறது. 1907-ல் மெட்ரிகுலேஷனில் அவர் வாங்கியது 750-க்கு 282. நாற்பது சதவீதம்கூட இல்லை. உதவித்தொகை முடிந்ததால் 1917-ல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டு வந்தார். 1920-ல் திரும்பப் போய் பாரிஸ்டர் ஆனார். பெயரை வாசலில் எழுதினால் போதுமா? அந்த வாழ்க்கையின் பாடம் உள்ளே வர வேண்டாமா?

பேரன் 58 என்று எழுதி அனுப்பிவிட்டான். இடம் கிடைக்குமோ கிடைக்காதோ. ஆனால் அந்த எண்ணுக்குள் அவன் ஏறி வந்த படிகள் ஒன்றுகூட இல்லை.